பதினேழாம் எண் வீடு

பெருங்கலைஞர்களின் வாழ்வை எழுதுவோர் வெற்றிகளில் நின்று நிதானித்து, தடுமாறிய ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் வரலாற்றில் அவ்வாறு கடக்கப்படுவது 1932இல் வெளிவந்த ‘நம்பர் செவன்டீன்’ என்னும் சிறிய மர்மப்படம். அவரே விரும்பாத படம் அது. ஆயினும் அவரை அறிய விழைவோர் அந்த வீட்டு வாசலில் சற்று நின்றே செல்ல வேண்டும்.

ஹிட்ச்காக் 1899 ஆகஸ்ட் 13 அன்று இலண்டனை அடுத்த லேட்டன்ஸ்டோனில் காய்கனி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இயேசு சபையார் பள்ளியில் பயின்றார். 1914இல் தந்தை மறைந்தபோது அவருக்கு வயது 15. தந்திக்கம்பி நிறுவனமொன்றில் பணிபுரிந்து, விளம்பரங்களுக்குப் படம் வரையத் தொடங்கினார். அந்தக் கைத்திறனே அவரை இஸ்லிங்டன் படப்பிடிப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றது; அங்கே ஊமைப்படங்களுக்கு எழுத்து அட்டைகள் வரைந்தார். தயாரிப்பாளர் மைக்கேல் பால்கன் அவரை இயக்குநராக்கினார். 1926இல், படத்தொகுப்பிலும் கதையமைப்பிலும் தேர்ந்த ஆல்மா ரெவில்லை மணந்தார். 1927இல் ‘தி லாட்ஜர்’ புகழ் தந்தது. 1929இல் ‘பிளாக்மெயில்’, பேசும் படத்திலும் அவர் வல்லவர் என்று காட்டியது.

அடுத்து வந்தது இறங்குமுகம். அவர் விரும்பி எடுத்த ‘ரிச் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ வசூலில் தோற்றது. அக்காலத்திலேயே, அவர் பணியாற்றிய பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம், ஜெஃபர்சன் ஃபார்ஜன் எழுதிய ஒரு மேடை நாடகத்தை அவரிடம் ஒப்படைத்தது. அவர் நாடிய கதை அதுவன்று; மறுக்கும் நிலையிலும் அவர் இல்லை.

காற்றில் பறக்கும் தொப்பியைத் துரத்தி வருகிறான் ஒருவன். தொப்பி, ஆளில்லாத 17ஆம் எண் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம், நீண்ட நிழல்கள், ஒரு பிணம், ஒரு நாடோடி. களவுபோன கழுத்தணியைத் தேடிப் பலரும் வந்து சேர்கின்றனர். திருடர் யார், துப்பறிவாளர் யார் என்பது பார்ப்பவருக்குக் குழம்பிப்போகிறது. தாம் மதிக்காத நாடகத்தைக் கேலியாக்கிவிட ஹிட்ச்காக் முயன்றார். அக்கேலி பார்த்தவர்க்குத் தெளிவாக எட்டவில்லை. இறுதியில் சரக்கு ரயிலில் தப்பும் திருடரைக் கதைநாயகன் பேருந்தில் துரத்துகிறான்; ரயில் துறைமுகத்துக் கப்பலில் மோதுகிறது. ரயிலும் பேருந்தும் பெரும்பாலும் சிறு மாதிரிகளே என்பது கண்ணுக்குத் தெரிகிறது. காட்சிகளைக் கோத்த வேகமோ பொம்மை அன்று.

பின்னர் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். 1934இல் வந்த ‘வால்ட்சஸ் ஃப்ரம் வியன்னா’ என்ற இசைப்படக் காலத்தையே தம் வாழ்வின் மிகத் தாழ்ந்த நிலையாகக் கருதினார். அப்போது மீண்டும் கைகொடுத்தவர் பால்கன். அதே ஆண்டில் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’, 1935இல் ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ என எழுந்தவர், 1939இல் அமெரிக்கா சென்றார்.

பதினேழாம் எண் வீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் மாடிக் கைப்பிடியில் சேர்த்துக் கட்டப்படுகின்றனர்; கைப்பிடி முறிய, அந்தரத்தில் தொங்குகின்றனர். சேர்த்துப் பிணைக்கப்பட்ட இருவர் ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ படத்தில் கைவிலங்குடன் ஓடுவர். அந்தரத்தில் தொங்கும் மனிதன் 1958இல் ‘வெர்ட்டிகோ’விலும் 1959இல் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’டிலும் திரும்ப வருவான். ரயிலும் படிக்கட்டும் அவரை இறுதிவரை விடவில்லை. ஆயினும் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்ந்த நீண்ட உரையாடலில் இப்படத்தைப் பெருந்தோல்வி என்றே அவர் ஒதுக்கினார். 5 முறை பரிந்துரைக்கப்பட்டும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் கிட்டாமலே, 1980 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தார்.

அவருடைய தீர்ப்பு தவறன்று, படம் பலவீனமானதே. ஆனால் வேண்டாவெறுப்பாகச் செய்த வேலையிலும் அவர் கை தனக்குரியதைத் தேடிக்கொண்டிருந்தது. பத்தாண்டு நிறைவில் நம் தொடக்கக் கவிதைகளைப் புரட்டும்போது நாணத்தக்க வரிகள் நமக்கும் எதிர்ப்படும். அவற்றைப் போற்ற வேண்டியதில்லை, எரித்துவிடவும் வேண்டியதில்லை. எந்த வரியில் பின்னாளைய குரல் ஒளிந்திருக்கிறது என்பதை எழுதியவரே எப்போதும் அறிவதில்லை.