ஸர் எட்வர்டு சாபின்

பனிக்காலத்துக் காலைப்பொழுதில் குளச்சல் கடற்கரையிலே வள்ளங்கள் கரைசேரும்போது, அலைமீது வட்டமிடும் கடற்காகங்களையும் ஆலாக்களையும் காணாதார் நம்மில் எவருமிரார். எனினும், அவற்றுள் ஒன்றினை மற்றொன்றினின்று வேறு பிரித்தறிய முயன்றோர் மிகச் சிலரே. 2013-ஆம் ஆண்டில், இதே மேலைக்கடலின் கரையிலுள்ள கேரளத்துச் சாவக்காட்டில், வடதுருவப் பிரதேசத்தைத் தாயகமாகவுடைய ஒரு சிறு கடற்காகம் காணப்பட்டது. அதற்குமுன் இந்தியாவில் அவ்வினம் பதிவு பெற்றதில்லை. அப்பறவை இன்றளவும் தாங்கிநிற்கும் பெயர் சாபின் என்பதாகும். அப்பெயர்க்கு உரியவர் யாவர் என்பதை மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

எட்வர்டு சாபின் 1788-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பிறந்தார். கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். உல்லிச்சு நகரத்து இராணுவக் கலாசாலையில் பயின்று, தமது பதினைந்தாம் வயதிலேயே பீரங்கிப் படையில் உத்தியோகம் பெற்றார். கனடாவில் அமெரிக்கரோடு நிகழ்ந்த போரிலும் ஈடுபட்டார். போர் ஓய்ந்து தாயகம் திரும்பியபின், இவரது உள்ளம் வானநூலிலும் காந்த ஆராய்ச்சியிலும் பறவைநூலிலும் படிவதாயிற்று.

1818-இல் ஜான் ராஸ் என்னும் மாலுமித் தலைவர், வடமேற்குக் கடல்வழியைக் காணுமாறு இரு கப்பல்களுடன் புறப்பட்டார். சாபின் அவருடன் வானநூற் பணிக்கென அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில், கிரீன்லாந்தின் மேல்கரைக்கு அப்பாலுள்ள சிறு பாறைத் தீவுகளில், ஆலாக்களின் நடுவே கூடுகட்டி வாழும் ஒருவகைக் கடற்காகங்களை இவர் கண்டார். கருஞ்சாம்பல் நிறத் தலை. அதன் கீழே கரிய கழுத்து வளையம். மஞ்சள் நுனியுடைய கரிய அலகு. இவையாவற்றினும் மேலாக, ஆலாவின் வாலைப்போலப் பிளவுபட்ட வால்! அதுகாறும் அறியப்பட்ட கடற்காகங்களுள் எதற்கும் அத்தகைய வால் இருந்ததில்லை. ஆலாக்களோடு ஆலாவாக எண்ணி விட்டுவிடாமல், இவர் அவற்றைச் சுட்டெடுத்து, தம் தமையனார் ஜோசப் சாபினுக்கு அனுப்பினார். தமையனார் அப்பறவையைப் புதிய இனமென விவரித்து, கண்டவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

பயணம் முடிந்தபின் ராஸுக்கும் சாபினுக்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. தம்முடைய உழைப்பின் பயனைத் தமக்கு உரிய மதிப்பின்றித் தலைவர் வெளியிட்டார் என்று சாபின் 1819-இல் வெளிப்படையாக முறையிட்டார். எனினும் அதனால் மனந்தளராது, அவ்வாண்டே பாரி என்பவருடன் மீண்டும் வடதுருவம் நோக்கிச் சென்றார். சூரியோதயமே காணாத நெடிய குளிர்காலத்தில், உறைந்த கடலிடையே சோர்ந்திருந்த மாலுமிகளுக்காக வாரப் பத்திரிகையொன்றும் நடத்தினார்.

பின்னர் ஊசற்குண்டின் ஆட்டத்தை அளந்து பூமியின் வடிவத்தை நிர்ணயிக்குமாறு, வெப்ப நாடுகள் முதல் ஸ்பிட்ஸ்பெர்கன் வரையில் யாத்திரை செய்தார். 1825-இல் அதன் முடிவுகள் நூலாக வந்து புகழ் தந்தன. ஆனால், 1830-இல் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித வல்லுநர் அவ்வளவைகளைக் கடுமையாகக் கண்டித்தார். கருவியொன்றின் மட்டக்குழலில், ஒரு பிரிவுக்கு ஒரு விகலை என்று சாபின் கொண்டிருந்தார். உண்மையிலோ அது ஏறக்குறையப் பதினொரு விகலையாக இருந்தது. கண்ணின் கூர்மையால் புகழடைந்தவர், கருவியைச் சோதியாது நம்பியதால் இழுக்குற்றார்.

ஆயினும் இவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. பூமியின் காந்தசக்தியை உலகெங்கும் ஒரே முறையில் அளக்கவேண்டுமென இடைவிடாது முயன்றார். அதன் பயனாகக் கனடாவிலும், தென் ஆப்பிரிக்காவிலும், செயிண்ட் ஹெலினாத் தீவிலும், சென்னை, பம்பாய் முதலிய இடங்களிலும் காந்த நோக்குநிலையங்கள் எழுந்தன. குளச்சல் அந்நாளில் திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. அவ்விராச்சியத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய திருவனந்தபுரம் வானநிலையமும் இவ்வுலகப் பணியில் பங்குகொண்டது. அதன் தலைவராயிருந்த புரௌன் என்பவர் அகத்தியமலை உச்சியிலுங்கூடக் காந்தமானிகளை நிறுவி அளந்தார். உலகின் பல இடங்களில் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டு, சூரியனிலுள்ள கரும்புள்ளிகள் பெருகிச் சுருங்கும் காலவட்டத்தோடு பூமியின் காந்தக் கலக்கமும் பெருகிச் சுருங்குகிறது என்று 1852-இல் சாபின் நிறுவினார்.

இவருடைய துணைவியார் எலிசபெத்து அம்மையார், ஹம்போல்ட்டின் காஸ்மாஸ் என்னும் பெருநூலை ஆங்கிலத்தில் பெயர்த்த கல்விச் செல்வியார். சாபின் 1861 முதல் 1871 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராக விளங்கி, 1869-இல் ஸர் பட்டமும் பெற்று, 1883-இல் தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். மக்கட்பேறு இல்லாதவர், ஆயினும் அவர் பெயர் பறவையின் சிறகேறிப் பறக்கின்றது.

அப்பறவை குளிர்காலத்தில் தென் ஆப்பிரிக்காவின் மேல்கரைக் கடலுக்கும், பெருநாட்டுக் கடலுக்கும் செல்வது வழக்கம். வழிதவறி நம் பக்கம் வருவது அரிதினும் அரிது. வந்தாலும், பார்ப்பவர் பத்தோடு பதினொன்றாக எண்ணிவிடின், அது வராததற்கே ஒப்பாகும். சிறகிலுள்ள கருமை, வெண்மை, சாம்பல் என்னும் முக்கோணங்களையும் வாலின் பிளவையும் பொறுமையுடன் நோக்குபவரே அதனை அறிவர். கண்டதைக் கண்டவாறு குறித்தலும், குறித்ததை மீண்டும் சோதித்தலும் ஆகிய இரண்டினையும் சாபினின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது. முன்னதை அவர் பெற்ற புகழாலும், பின்னதை அவர் செய்த பிழையாலும். குளச்சல் மணலில் நிற்கும் மாணவரும் இவ்விரண்டினையும் மறவாராக.