வீரமாமுனிவரும் சொல்லின் அழுத்தமும்

கொள்ளிடத்தின் வடகரையிலே ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உளது. 2007-ஆம் ஆண்டில் அரியலூர் மாவட்டம் பெரம்பலூரினின்று பிரிந்தபோது அவ்வூரும் அதனுடன் சென்றது. அதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிப் பல்லாண்டு தொண்டாற்றியவர் வீரமாமுனிவர். அப்பெரியாரின் வரலாற்றை, சொல்லின் அழுத்தம் என்னும் ஒன்றை மட்டும் கருதி, ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இத்தாலி நாட்டிலே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்திறங்கிப் பின்னர்த் தமிழகம் புகுந்தார். அவர்தம் தாய்மொழியில் அழுத்தம் மாறினாற் பொருளும் மாறும். முதலசையை அழுத்தினால் நங்கூரத்தைக் குறிக்கும் ஒரு சொல், இரண்டாம் அசையை அழுத்தினால் இன்னும் என்று பொருள்படும். தமிழிலோ அவ்வேலையைச் செய்வது மாத்திரையே. எரி என்பது நெருப்பு; ஏரி என்பது நீர்நிலை.

எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறுதல் வேண்டும் என்பது பழைய விதி. ஆயினும் ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டனர். எனவே, நெருப்போ நீர்நிலையோ என்பதை இடம் நோக்கியே உணர வேண்டியதாயிற்று. முனிவர் அந்நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்து இவ்விடர் களைந்தார். பிறந்தது முதல் தமிழ் கேட்டோர்க்குச் சிறிதாய்த் தோன்றிய குறை, பயின்று கற்ற அயலார்க்குப் பெரிதாய்த் தோன்றியது போலும்.

அவர் வருமுன்னரே போர்த்துக்கீசியச் சொற்கள் சில தமிழிற் புகுந்திருந்தன. சாவே, மேசா, பாத்ரே, துவால்யா என்பன சாவி, மேசை, பாதிரி, துவாலை என்றாயின. அந்நாட்டார் அழுத்திய உயிரே தமிழில் நெடிலாய் நிற்றல் காண்க. எல்லாச் சொற்களும் இவ்வாறு அமைந்தில. ஜனேலா என்பதன் நடுநெடில் கெட்டு ஜன்னல் ஆயிற்று. எவ்வாறாயினும் அயற்சொல்லே தன் அழுத்தத்தை விட்டுத் தமிழின் அளவுக்கு அடங்கியது.

முனிவரும் அவ்வாறே அடங்கினார். 1726-இல் இயற்றிய தேம்பாவணியின் 3615 பாக்களையும் நேரசை நிரையசை வழுவாது யாத்தார். யோசேப்பை வளன் என்றும், யோவானைக் கருணையன் என்றும் பொருள் நோக்கிப் பெயர்த்தார். 1730-இல் தொன்னூல் விளக்கமும், 1732-இல் சதுரகராதியும் தந்து, 1747-இல் இறைவனடி சேர்ந்தார்.

இன்று நாம் செய்வது யாது? மேடையிலும் ஜெபக்கூட்டத்திலும் ஆங்கில அழுத்தத்தைத் தமிழின்மேல் ஏற்றுகின்றோம்; குறிலை நீட்டியும் நெடிலை விழுங்கியும் வேதபாடம் வாசிக்கின்றோம். கேட்போர் பொருள் மயங்குகின்றனர். முப்பது ஆண்டு பழகிய அழுத்தத்தை ஒருவர் நம் மொழிக்காக விட்டாரெனின், தாய்மடியிற் கற்ற மாத்திரையை நாம் காத்தல் அரிதோ? மாணவ நண்பர்களே, சிந்திப்போமாக.