ஓவிய ஆசான் நந்தலால் போஸ்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியில், மாநிலங்களைப் பற்றிய ஆறாம் பகுதி தொடங்கும் பக்கத்தில், பகவான் மகாவீரர் கண்மூடித் தியானத்தில் வீற்றிருக்கிறார். அந்நூலைச் சித்திரங்களால் அணிசெய்யும் பொறுப்பை ஏற்றவர் சாந்திநிகேதனத்தின் ஓவிய ஆசான் நந்தலால் போஸ். மாணவர்கள் அவரை அன்போடு ‘மாஸ்டர் மொஷாய்’ என்று அழைத்தனர்.

அவர் 1882 டிசம்பர் 3ஆம் நாள் பீகாரின் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். அன்னையார் க்ஷேத்ரமணி தேவி பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். மகனின் முதல் ஆசிரியை அவரே எனலாம். குடும்பத்தாரின் விருப்பப்படி கல்கத்தாவில் வணிகவியல் பயின்றும் மனம் அதில் ஒன்றவில்லை. ஓவியப் பள்ளியில் சேர்ந்து அவனீந்திரநாத் தாகூரின் மாணவரானார். 1909இல் அஜந்தா சென்று சுவரோவியங்களைப் படியெடுக்கும் குழுவில் பணியாற்றினார். தம் பெயரைப் பொறிக்காமல் சென்ற எத்தனையோ கைகளின் உழைப்பை அக்குகைகளில் அவர் கோடு கோடாகப் பின்தொடர்ந்தார்.

1922இல் கலா பவனத்தின் தலைமை அவரிடம் வந்தது. மாணவர்களை நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைக்கவில்லை. மரங்களையும் மாடுகளையும் சந்தால் மக்களின் ஊர்களையும் நேரில் கண்டு வரையச் செய்தார். பயணங்களில் அஞ்சலட்டைகளில் சிறு படங்கள் தீட்டி மாணவர்களுக்கு அனுப்புவது அவர் வழக்கம். பார்வை குன்றிய வினோத பிகாரி முகர்ஜி, சிற்பி ராம்கிங்கர் பைஜ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். சத்யஜித் ராயும் சில காலம் அங்கே பயின்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, விடுதலைப் போரில் சிறை சென்ற கே. ஜி. சுப்பிரமணியனும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தார்.

1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, அதன் பந்தல்களை அணிசெய்யுமாறு காந்தியடிகள் அவரை அழைத்தார். கலைக்கூடம் ஒன்றையும் கண்டறியாத கிராமத்து மக்கள் நடந்துபோகிற போக்கிலேயே ஓவியங்களைக் காணவேண்டும் என்பது அடிகளின் விருப்பம். நந்தலால் விலையுயர்ந்த பொருள்களை நாடவில்லை. எளிய காகிதம், மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்கள், தடித்த விரைந்த கோடுகள், இவையே போதுமாயின. மேளம் கொட்டுபவர், பஞ்சடிப்பவர், தையற்காரர் என நாள்தோறும் காணும் உழைப்பாளிகளே அப்படங்களில் எழுந்தனர். மாணவர்களின் துணையுடன் ஏறத்தாழ 400 படங்கள் உருவாயின. புகழ் பெற்ற ஓவியர் ஒருவர் தம் கோட்டைப் பிறர் படியெடுக்க மனமுவந்து கொடுப்பது எளிதன்று.

அரசியலமைப்புப் பணி வந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழை நெருங்கியிருந்தது. ஆங்கிலப் படியைப் பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதினார். 22 பகுதிகளின் தொடக்கத்திலும் இந்திய வரலாற்றின் காட்சிகளை நந்தலால் திட்டமிட்டார். மாணவர்கள் பலர் தீட்டினர். முகவுரைப் பக்கத்தின் அணிவேலை பியோஹர் ராம்மனோகர் சின்ஹா என்னும் மாணவருடையது. சோழர் காலத்து நடராசரும் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் அவ்வரிசையில் இடம்பெற்றன. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் அந்நூலில் கையொப்பமிட்டனர்.

1954இல் பத்ம விபூஷண் விருது அவரை வந்தடைந்தது. முதுமையில் பெரிய சுவர்களை விட்டுச் சிறு தாள்களில் கருமையால் மரங்களையும் மலைகளையும் தீட்டிவந்தார். 1966 ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார்.