கோப்பி நோயின் மெய் கண்ட மாஷல் வாட்

பாசிக்குடாக் கரையில் மாலை வேளைகளிற் கூடித் தேநீர் அருந்துகின்ற நாம், கோப்பி அழிந்த மலைச்சாரல்களிலேயே அத்தேயிலை பரந்தது என்பதை நினைப்பது அரிது. அவ்வழிவின் காரணத்தை ஐயந்திரிபற நிறுவியவர் ஹரி மாஷல் வாட் என்னும் ஆங்கிலத் தாவரவியலறிஞர். அவர் 1854ஆம் ஆண்டில் ஹெரிபோட் நகரிற் பிறந்து, கேம்பிறிட்ஜிற் பயின்று தேறியவர்.

இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்து, இலை உதிரும் நோய் 1869இல் வெளிப்பட்டது. அது ஒரு பங்கசு என அவ்வாண்டே பார்க்கிளி என்பார் பெயரிட்டும், துரைமாருட் பலர் மண்ணையும் மழையையுமே நொந்து பசளையை அள்ளியிட்டனர். 1880இல் அரசாங்கம் வாட்டை இங்கு வரவழைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறளவே.

கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். நீர்த்துளியில் அவ்வித்தி முளைப்பதையும், முளைக்குழாய் இலைவாய் வழியே உட்புகுவதையும் நுணுக்குக்காட்டியிற் கண்டார். நோயற்ற இலையில் வித்தியை இட்டு நோயையே உண்டாக்கிக் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையால், காற்றுக்குத் தடையில்லாது போயிற்று என்பது அவர் கண்ட முடிவு.

துரைமார் எதிர்பார்த்தது மருந்து. அவரிடம் அஃது இல்லை. இல்லாத மருந்தை உண்டென்று கூறாத நேர்மையே அவர் பெருமை என்பது எம் கருத்து. 1882இல் அவர் நாடு திரும்பினார், கோப்பியும் மடிந்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து அத்தோட்டங்களில் உழைத்த தமிழர் இழந்த பிழைப்பைக் கணக்கிட்டவர் அரியர்.

இலையிற் பகைவனைக் கண்டவர் பின்னர் வேரில் நண்பனைத் தேடினார். அவரைக் குலச் செடியின் வேர்ச் சிறுகணுக்களை உண்டாக்கும் உயிர், வேர்மயிர் வழியே நுழைவதை 1887இல் காட்டினார். அதனைப் பங்கசு என்று அவர் கொண்டது தவறு. அது பற்றீரியா எனப் பிறர் பின்னர் நிறுவினர். வழியைச் சரியாகக் கண்டும் வழிப்போக்கனின் பெயரைப் பிழைத்தார் எனலாம். வேரோடு கூடி வாழும் பங்கசுகளின் பரம்பரையலகுகளை இன்று எழுத்தெழுத்தாக வாசிக்கின்றனர். அவர் கையிலிருந்ததோ நுணுக்குக்காட்டி ஒன்றே.

1895இல் கேம்பிறிட்ஜிற் தாவரவியற் பேராசிரியரான அவர், 1906இல் தமது ஐம்பத்திரண்டாம் வயதிற் காலமானார். அவர் ஆராய்ந்த அந்நோய் 1970இல் பிறேசில் நாட்டுக் கோப்பியையும் எட்டிற்று.