ஓமந்தூரார்: நேர்மையின் உயரமும் பொறுப்புக்கூறலின் எல்லையும்

ஆட்சியாளர்கள் மீதும் பெருஞ்செல்வர்கள் மீதும் ஊழல் புகார் எழும்போதெல்லாம் தமிழ்நாட்டில் சில பெயர்கள் நினைவுகூரப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருடையது. இன்றைய மாணவர்களில் பலர் அவரைச் சென்னை அண்ணா சாலையில் அரசு மருத்துவமனை இயங்கும் வளாகத்தின் பெயராக மட்டுமே அறிவர். நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர் அவர். கறைபடாத கைக்கு உரியவர் என்று எல்லாக் கட்சியினரும் அவரைப் போற்றுகின்றனர். அப்போற்றுதலோடு நின்றுவிடாமல் அவருடைய வாழ்வை ஒரு கேள்வியோடு அணுக வேண்டியுள்ளது. அதிகாரம் படைத்தோரைக் கணக்குக் கேட்பதற்கு ஒரு தலைவரின் நேர்மை மட்டும் போதுமா?

1895 பிப்ரவரி 1 அன்று, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்றார். காங்கிரசில் சேர்ந்து விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். எளிய உடையும் வள்ளலார் நெறியில் ஈடுபாடும் உடையவராக அறியப்பட்டார். பதவிக்காக முந்தியவர் அல்லர். ஆயினும், பிரகாசம் தலைமையிலான அமைச்சரவை சொந்தக் கட்சியினராலேயே வீழ்த்தப்பட்டபோது, காமராசரின் ஆதரவோடு 1947 மார்ச் 23 அன்று மாகாணப் பிரதமரானார். முதலமைச்சர் பதவி அன்று அப்பெயராலேயே வழங்கப்பட்டது.

கோயில் கதவும் அரசுப் பணியும்

அவருடைய ஆட்சி இரண்டு ஆண்டுகளே நீடித்தது. அக்குறுகிய காலத்தில் மூன்று வலிமையான தரப்புகள் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டன.

முதலாவது, கோயில்களைத் தம் பிடியில் வைத்திருந்தோர். மதுரை ஆலய நுழைவை ஒட்டி இராசாசி ஆட்சியில் 1939-இல் இயற்றப்பட்ட சட்டம், கோயிலைத் திறந்துவிட முன்வரும் அறங்காவலர்களுக்குப் பாதுகாப்பளித்தது. திறக்க மறுப்போரை அது கட்டாயப்படுத்தவில்லை. 1947-இன் ஆலய நுழைவு அனுமதிச் சட்டமோ, எந்த வழக்காறு குறுக்கே நின்றாலும் விலக்கிவைக்கப்பட்ட சாதியினர் உள்ளிட்ட இந்துக்கள் அனைவருக்கும் கோயில்களில் நுழையும் உரிமையை வழங்கியது. அறங்காவலரின் பெருந்தன்மையை எதிர்பார்க்க வேண்டியிராத உரிமை அது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மூல்கி வெங்கடரமணர் கோயிலை நிர்வகித்தோர் அச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். நுழைவுரிமையை நீதிமன்றம் 1958-இல் நிலைநிறுத்தியது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடைசெய்த தேவதாசி ஒழிப்புச் சட்டமும் இதே ஆட்சியில் 1947-இல் நிறைவேறியது. அதற்குப் பின்னால் முத்துலட்சுமி ரெட்டி முதலானோரின் நெடிய போராட்டம் இருந்தது.

இரண்டாவது, அரசுப் பணியில் நிறைந்திருந்த ஆதிக்க வகுப்பினர். முந்தைய வகுப்புவாரி ஆணையின்படி 12 இடங்களில் ஒன்று மட்டுமே பட்டியல் சமூகத்தினருக்கு உரியதாக இருந்தது. 1947 நவம்பரில் இவ்வாணை திருத்தப்பட்டு 14 இடங்களில் 2 அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதன்முறையாகத் தனியே 2 இடங்கள் கிடைத்தன. பிராமணர்க்கு 2, பிராமணரல்லாத பிற இந்துக்களுக்கு 6, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1 என எஞ்சியவை அமைந்தன. இதற்காக அவரைத் தாடியில்லாத இராமசாமி நாயக்கர் என எதிர்ப்பாளர்கள் ஏளனம் செய்தனர். வகுப்புவாரி முறையை 1951-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியதும், அதைத் தொடர்ந்து அரசமைப்பின் முதல் திருத்தம் வந்ததும் சட்ட மாணவர்கள் அறிந்தவை.

கட்சிக்குள் எழுந்த புகார்

மூன்றாவது தரப்பு, அவருடைய சொந்தக் கட்சி. 1948 சனவரியில், தம் இறுதி உண்ணாநோன்பை ஒட்டி, காந்தி ஒரு கடிதத்தைப் பொதுவில் வெளியிட்டார். எழுதியவர் குண்டூரைச் சேர்ந்த மூத்த காங்கிரசுத் தலைவர் கொண்டா வெங்கடப்பய்யா. சட்டமன்ற உறுப்பினர்கள் பலர் செல்வாக்கைப் பயன்படுத்திப் பணம் சேர்ப்பதாகவும், குற்றவியல் நீதிமன்றங்களின் பணியில்கூடத் தலையிடுவதாகவும், ஆட்சியர்களும் வருவாய் அலுவலர்களும் அஞ்சாமல் கடமையாற்ற இயலவில்லை என்றும் அவர் வருந்தி எழுதியிருந்தார். ஆந்திரப் பகுதி அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாகும். ஆகவே அப்புகாருக்கு உள்ளானோர் ஓமந்தூரார் தலைமையேற்ற அவையில் அமர்ந்திருந்தவர்கள்.

கட்சியினரின் பரிந்துரைகளை அவர் ஏற்க மறுத்தார் என்பதும், அதனால் சட்டமன்றக் கட்சியில் பகை வளர்ந்தது என்பதும் அக்கால அரசியலைப் பற்றி எழுதியோர் பலரும் கூறும் செய்தி. ஆதரவு கரைந்தபோது பதவியைக் காக்க அவர் பேரம் பேசவில்லை. 1949 ஏப்ரல் 6 அன்று பொறுப்பு குமாரசாமி ராஜாவிடம் சென்றது.

அவருடைய நேர்மையின் எல்லை இங்குதான் தெரிகிறது. பரிந்துரைக்கு மூடப்பட்ட கதவு அவருடைய அலுவலகக் கதவு மட்டுமே. அவர் வெளியேறியதும் அதைத் திறக்கத் தடை ஏதும் இருக்கவில்லை. அதிகாரத்தில் இருப்போரை விசாரிக்கும் அமைப்பு எதையும் அவ்வாட்சி விட்டுச் செல்லவில்லை. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964-இல்தான் வந்தது. லோக் ஆயுக்தா சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட ஆண்டு 2018.

கேட்கப்படாத கணக்கு

ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவருடைய ஆட்சியின் பெருமையாகவே சொல்லப்படுகிறது. 1948-இன் அச்சட்டம் இழப்பீடு வழங்கி ஜமீன்களை அரசுடைமையாக்கி, உழுகுடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா அளித்தது. பெருஞ்செல்வாக்கு உடைய ஜமீன்தார்களைத் தொட்ட அத்துணிவு சிறியதன்று. ஆனால் பட்டா பெற்றவர்கள் ஏற்கெனவே சாகுபடி உரிமை உடைய குடிகள். அந்நிலங்களில் கூலிகளாகவும் பண்ணையாட்களாகவும் உழைத்த தலித்துகளின் கைக்கு அச்சட்டத்தால் நிலம் வரவில்லை.

மேலும், தென்னார்க்காடு பெரும்பாலும் ரயத்துவாரிப் பகுதி. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் ஆதிக்கம் செலுத்தியவர்கள் ஜமீன்தார்கள் அல்லர். ஓமந்தூராரின் குடும்பத்தைப் போன்ற பட்டாதாரர்களே. 1948-இன் சட்டம் அவர்களைத் தீண்டவில்லை. 1892-இன் அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யார் கையில் உள்ளன என்ற கேள்வி இன்றும் இம்மாவட்டங்களில் தீராத வழக்காக நிற்கிறது. தொலைவில் இருந்த ஜமீன் அரண்மனையைக் கணக்குக் கேட்ட ஆட்சி, சொந்த ஊரின் களத்துமேட்டைக் கேட்கவில்லை.

தன்னை எதிர்த்தோரிடமும் அவ்வாட்சி கடுமையாகவே நடந்துகொண்டது. 1948-இல் கருஞ்சட்டைப் படை தடைசெய்யப்பட்டது. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியதை எதிர்த்தோர் அடக்கப்பட்டனர். பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ்ப் பொதுவுடைமையர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டனர். ஊழலற்ற ஆட்சி என்பதாலேயே ஓர் ஆட்சி மக்களுக்குப் பொறுப்புடையதாக ஆகிவிடாது என்பதற்கு இவை சான்று.

பதவி நீங்கிய பின் வடலூரில் வள்ளலார் பணியிலும் கல்விப் பணியிலும் அவர் ஈடுபட்டார். 1970 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

அவர் ஆட்சியில் பிறந்த ஆலய நுழைவு உரிமையின் இன்றைய நிலையை அவர் பிறந்த மண்ணிலேயே காணலாம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டனர். சூன் மாதம் வருவாய்க் கோட்டாட்சியர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவின்படி கோயிலுக்குச் சீல் வைத்தார். நிலம் யார் வசம் என்று இரு தரப்பினர் மோதும்போது அமைதி காக்க 2024 வரை பயன்பட்ட பிரிவு அது. உரிமை மறுக்கப்பட்டவரும் மறுத்தவரும் அதன் கண்ணில் சமமான இரு தரப்பினர். தடுத்தவரிடம் கேட்கப்பட வேண்டிய கணக்கு, பூட்டப்பட்ட கதவுக்குப் பின்னால் மறைந்தது. தலித்துகள் காவல்துறைப் பாதுகாப்புடன் உள்ளே செல்ல 2025 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஓமந்தூராரைப் போன்ற இன்னொரு நேர்மையாளர் வரமாட்டாரா என்று ஏங்குவதில் பயனில்லை. அவரே வந்தாலும் கோட்டாட்சியரின் மேசையில் எந்தச் சட்டப் பிரிவு எடுத்தாளப்படுகிறது என்பதை ஊர் மக்களும் மாணவர்களும் வழக்கறிஞர்களும்தான் கண்காணிக்க வேண்டும். தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆம் உறுப்பும், 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையில் உள்ளன. கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி செய்கிறது. அதிகாரிகளை நோக்கி அப்பிரிவை எடுத்து நீட்டுவதே, 1947-இல் தொடங்கி முடிக்கப்படாமல் விடப்பட்ட பணியின் தொடர்ச்சியாகும்.