மேலூர் செங்கரும்பும் ஆலைக் கரும்பும் ஏன் வேற வேற? செல்லுக்குள் விடை தேடிய ஜானகி அம்மாள் யார்?

மேலூர் பக்கம் பொங்கலுக்கு வெட்டும் செங்கரும்பு தடியா, கடிக்க மெதுவா இருக்கும். அலங்காநல்லூர் பக்கம் ஆலைக்காக நடும் கரும்பு மெலிசு. கடிச்சா பல்லு வலிக்கும். ரெண்டும் கரும்புதானே, ஏன் இந்த வித்தியாசம்?

ஆலைக் கரும்பின் மூதாதைகளில் ஒன்று, ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணல். வறட்சியையும் நோயையும் தாங்கும் சக்தி அதிலிருந்து வந்தது. இந்தச் சொந்தபந்தத்தைச் செல்லுக்குள் புகுந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜானகி அம்மாள்.

கல்யாணமா, படிப்பா?

1897-ல் தலசேரியில் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணம். சென்னை ராணி மேரி கல்லூரியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். சகோதரிகளுக்குக் கல்யாணம் ஆனது; இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கோவையில் என்ன செய்தார்?

1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இந்தியக் கரும்புக்கு இனிப்பு ஏற்றியதே இவர்தான் என்று பலரும் பகிர்வதைப் பார்க்கலாம். அது முழுசா சரியில்லை. கரும்பையும் நாணலையும் கலந்த முதல் ரகமான கோ 205, 1918-லேயே வந்துவிட்டது. அதன் பின்னால் பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் இருந்தார்கள்.

அந்தக் கலப்புகளில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்ததுதான் ஜானகியின் வேலை. தடிக்கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள். நாணலில் இடத்துக்கு இடம் மாறும். 40 முதல் 128 வரை. மனிதனுக்கே 46-தான்! கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த ஆய்வை 1938-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்.

ஆனால் அங்கே நிம்மதி கிடைக்கவில்லை. தனியாக வாழும் பெண், ஒடுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட தீயர் சமூகம் என்பதால் பாகுபாட்டைச் சந்தித்ததாக அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

குண்டு மழைக்கு நடுவே

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக பிரிட்டன் போனார். உலகப் போர் மூண்டது; அங்கேயே தங்கிவிட்டார். போர்க்காலத்திலும் ஆய்வு நிற்கவில்லை. 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார்.

பிறகு விஸ்லி தோட்டத்தில், கோல்ச்சிசின் என்ற பொருளைக் கொண்டு மக்னோலியா செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். ஒரு மக்னோலியா ரகத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அதே கோல்ச்சிசின் நம்ம மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் இருக்கு. மதுரைக்குப் பக்கத்தில் ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள்.

எதற்காகத் திரும்பி வந்தார்?

1950-களின் தொடக்கத்தில், நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. 1977-ல் பத்மஸ்ரீ. 80 வயதைத் தொட்டபோதும் ஓய்வில்லை. கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தார். சென்னை மதுரவாயல் ஆய்வகத்தில் கடைசிவரை வேலை செய்த அவர், 1984 பிப்ரவரியில் காலமானார். அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைய மாணவர்களுக்கு என்ன?

மதுரைக் கல்லூரிகளில் பி.எஸ்சி செல் பயாலஜி படிப்பவர்களுக்கு வெங்காய வேர் சோதனை தெரியும். வேர் நுனியைச் சாயமேற்றி, நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து 16 குரோமோசோம்களை எண்ண வேண்டும். சலிப்பான வேலைதான். இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது என்று வீட்டில் கேட்கவும் செய்வார்கள். அதே எண்ணும் வேலையைத்தான் ஜானகி அம்மாள் ஆயுள் முழுக்கச் செய்தார். அடுத்த தடவை லேபில் கண் வலிக்கும்போது அவரை நினைச்சுப் பாருங்க.