தலைப்பிரட்டைகளை ஆராய்ந்த பேராசிரியர்

வடகிழக்குப் பருவமழை பொழிந்ததும் மறைமலை நகரைச் சூழ்ந்துள்ள ஏரிகளிலும் குட்டைகளிலும் தவளைகளின் ஒலி எழும். சில நாட்களில் அந்நீரில் தலைப்பிரட்டைகள் கூட்டங்கூட்டமாய் நீந்தக் காணலாம். முட்டையினின்று வெளிவரும்பொழுது அவற்றுக்குச் செவுள்கள் புறத்தே இருக்கும். பின்னர் அவை தோலால் மூடப்பெறும். முதலில் பின்கால்களும் பிறகு முன்கால்களும் தோன்றும். வால் சிறுகச் சிறுகத் தேய்ந்து மறையும். நீரில் வாழ்ந்த உயிர் நிலத்தில் ஏறும். இம்மாற்றங்களை நாள்தோறும் நிழற்படம் எடுத்து வைத்தல் இன்று எளிது. அத்தகைய வசதி அரிதாயிருந்த காலத்திலேயே, தவளையினத்தின் வாழ்வை நுணுகி ஆராய்ந்து புகழ்பெற்றவர் பேராசிரியர் சி. ஆர். நாராயணராவ்.

கோயம்புத்தூரில் 1882ஆம் ஆண்டு பிறந்த இவர், பெல்லாரியில் பள்ளிக்கல்வி பயின்றார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். அந்நாளில் அக்கல்லூரி சென்னை நகரின் நடுவே இருந்தது. 1937ஆம் ஆண்டிலேயே, மறைமலை நகருக்கு வடக்கேயுள்ள தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் ஆசிரியராய்ப் பணியாற்றிய நாராயணராவ், பின்பு பெங்களூர் மத்தியக் கல்லூரியை அடைந்து, அங்கு விலங்கியல் துறையை வளர்த்தார்.

வளர்ந்த தவளைகளைக் கண்டு இனம் பிரித்தல் ஓரளவு எளிது. தலைப்பிரட்டைகளோ பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். எது எத்தவளையின் இளமைப் பருவம் என்று துணிய வேண்டுமாயின், அதன் வாயமைப்பை உருப்பெருக்கியால் நோக்குதல் வேண்டும். பெரும்பாலான தலைப்பிரட்டைகளின் வாயில் கொம்புப்பொருளாலான அலகும், நுண்ணிய பல்வரிசைகளும் உண்டு. குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கு அவை இல்லை. அவை நீரை வடிகட்டி உண்ணும். 1918ஆம் ஆண்டு நாராயணராவ் இக்குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைப் பற்றி ஆய்வுரை ஒன்றை எழுதினார். அவ்வாண்டிலேயே, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநரான அன்னண்டேலுடன் கூடி, இந்தியச் சமவெளிகளில் வாழும் பிற தவளை, தேரைகளின் தலைப்பிரட்டைகளையும் விளக்கி எழுதினார்.

மேற்குத்தொடர்ச்சி மலைத் தவளைகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. குடகில் கிடைத்த இரவுத்தவளை ஒன்றை 1920ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். 1937ஆம் ஆண்டில் மேலும் பல புதிய இனங்களை விளக்கினார். இதற்கிடையே, 1932ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பெற்ற கரண்ட் சயன்ஸ் என்னும் அறிவியல் இதழின் முதல் ஆசிரியராகவும் விளங்கினார். 1960ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார்.

ஒரு புதிய இனத்தை அறிவிப்பவர், அதற்குச் சான்றாக ஓர் உடலைப் பாதுகாத்து வைப்பது வழக்கம். நாராயணராவ் அவ்வாறு வைத்த சான்றுடல்கள் பிற்காலத்தில் காணாமற்போயின. ஒப்பிட்டு நோக்க வழியின்மையால், அவர் பெயரிட்ட தவளைகள் பலவற்றை இன்னவை எனத் துணிய இயலாது அறிஞர் இடர்ப்பட்டனர். அவர் உழைப்பு வீணாகுமோ என்னும் ஐயம் எழுந்தது.

ஆயினும் சான்றுடல்கள் மறைந்தபோதிலும் அவர் எழுதிய குறிப்புகள் மறையவில்லை. உருவ இயல்பும் அளவும் கிடைத்த இடமும் அவற்றில் குறிக்கப்பெற்றிருந்தன. 2011ஆம் ஆண்டில் பேராசிரியர் பிஜுவும் அவருடன் ஆய்ந்தோரும், நாராயணராவ் பெயரிட்ட இரவுத்தவளைகள் மூன்றை மீண்டும் கண்டறிந்து அறிவித்தனர். அவற்றுள் குடகுத் தவளை தொண்ணூற்றோர் ஆண்டுகள் கழித்து அறிஞர் கண்ணுக்குப் புலனாயிற்று. உயிருள்ள அத்தவளைகளின் வண்ண நிழற்படங்களும் வெளிவந்தன.

அதற்கு முந்திய ஆண்டில், புதர்த்தவளைப் பேரினம் ஒன்றுக்கு அறிஞர்கள் அவர் நினைவாக ராவோர்கெஸ்டிஸ் எனப் பெயர் சூட்டினர். இப்பேரினத்தில் வியப்பொன்று உண்டு. இதில் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையினின்று சிறு தவளையே நேராக வெளிவரும். தலைப்பிரட்டைகளை ஆராய்ந்த பெரியாரின் பெயர், அப்பருவமே காணாத தவளைகளுக்கு அமைந்தது.

சேர்த்து வைத்த பொருள் அழியலாம். ஆனால், கண்டதைக் கண்டவாறே, இடமும் அளவும் பிழையாது எழுதி வைத்த குறிப்பு, பின்வருவோர்க்கு வழிகாட்டும் விளக்காய் நிற்கும். நாராயணராவின் வாழ்க்கை இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகின்றது.